எங்கள் வீட்டுப் பாலை

ஐந்திணைகளுள் பாலைக்கு மட்டும் தனக்கெனச் சொந்த நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெடும்போது பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் நான் இதனை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம் எங்கள் தோட்டத்துக் கிணற்றடி நினைவுக்கு வரும். மருத நிலமும் பாலையாகும் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

அது 1993ஆம் ஆண்டு. எனக்கு வயது 13. வலிகாமத்துச் செம்மண்ணில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டக்காணி இருந்தது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை; கிணறுதான் எல்லாம். மார்கழியோடு மழை ஓய்ந்துவிட்டால் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் சோளகக் காற்றுச் செம்புழுதியை அள்ளி வீசும். வைகாசியில் நட்ட வெங்காயமும் காய்க்கத் தொடங்கிய மிளகாயும் இறைப்பை நம்பியே நிற்கும்.

கிணறு ஐயாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. உறுதியில் ஆளுக்குப் பாதி. ஆனால், எல்லை வேலியில் ஒரு கதியால் ஒரு சாண் தள்ளி நாட்டப்பட்டது என்ற வழக்கில் அண்ணனும் தம்பியும் இரண்டு வருடமாக முகம் பார்ப்பதில்லை. அவரவர் முறையில் அவரவர் மிசினால் இறைத்துக்கொண்டு போவார்கள். பேசவேண்டிய தேவையே இருக்கவில்லை.

பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போயிற்று. வீட்டில் ஜாம்போத்தல் விளக்கு. தோட்டத்தில் மிசின் ஓய்ந்தது. கைவிடப்பட்ட துலாவை ஐயா மீண்டும் ஆடுகாலில் ஏற்றினார். துலா இறைப்புக்கு மூன்று பேராவது வேண்டும். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, ஒருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற. ஐயா மிதித்தார், அம்மா பட்டை பிடித்தார், நான் மண்வெட்டியோடு தண்ணீர் மாறினேன். அக்கா வீட்டிலே உலை வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் இறைப்பிலே அம்மாவின் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது.

அடுத்த இறைப்பு நாள் விடியுமுன் கிணற்றடியில் சித்தப்பா நின்றார்.

"அண்ணி, நீங்கள் வீட்டை போங்கோ" என்று சொல்லிப் பட்டையை வாங்கினார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை; துலாவில் ஏறினார். அன்று முழுவதும் அவர்களிடையே ஒரு வார்த்தை இல்லை. மேலே நடப்பவரின் அடியும் கீழே ஊற்றுபவரின் கையும் மட்டும் இசைந்து போயின. மறுநாள் சித்தப்பாவின் முறை. கூப்பிடாமலே ஐயா போனார்; நானும் பின்னால் போனேன்.

ஆனியில் ஊற்றுக் குறைந்தது. இரண்டு தோட்டத்துக்கும் தண்ணீர் காணாது. சித்தப்பாவின் வெங்காயம் சின்னம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்துப் போட்டது. எங்கள் மிளகாய் அக்காவின் படிப்புச் செலவுக்கென்று அம்மா நம்பியிருந்தது. ஐயா மிளகாயில் பாதியைக் காயவிட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்று பிற்காலத்தில் படித்தபோது, அந்த இரண்டு நாள்தான் என் மனதில் வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆழமாய் இறைச்சால் என்ன?" என்று மூன்றாம் நாள் அம்மா கேட்டார்.

"கிணறு பசு மாதிரியப்பா. மடியில இருக்கிறதெல்லாத்தையும் கறந்தால் கன்றுக்கு என்ன மிஞ்சும்? அளவு மிஞ்சினால் உவர்தான் வரும்" என்றார் ஐயா.

அது வெறும் உவமை அன்று. எங்கள் சுண்ணக்கல் நிலத்தின் அடியில் மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். அப்புறம் வெங்காயமும் இல்லை, மிளகாயும் இல்லை.

வெங்காயம் தப்பியது, தாலிக்கொடி மீண்டது. அக்காவின் செலவில் ஒரு பங்கைச் சித்தப்பா கொண்டுவந்து அம்மாவின் கையிலே கொடுத்தார். அந்தக் கதியாலை எவரும் பிடுங்கவில்லை. அதைப் பற்றிப் பேசவுமில்லை.

தடையை நான் புகழவில்லை. அது தந்த துன்பம் சொல்லில் அடங்காது. ஆனால், இலக்கணம் பிரிவைச் சொன்ன பாலையிலே எங்கள் வீடு கூடலைக் கண்டது. பிரிவு எங்களுக்கு வேனிலில் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமமே எழுந்து நடந்தபோது வந்தது. நாங்கள் தென்மராட்சியில் தங்கி மறுவருடம் திரும்பினோம். சித்தப்பா குடும்பம் வன்னிக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்துவிட்டது.

ஐயா இன்று இல்லை. துலாவும் இல்லை, மின்மோட்டார் ஓர் ஆளிக்கு இயங்குகிறது. ஆயினும் ஒவ்வோர் ஆடியிலும் சித்தப்பா தொலைபேசியில் அழைப்பார். சுகம் விசாரிக்க முன்னரே அவர் கேட்பது ஒன்றுதான்:

"தம்பி, கிணத்தில எத்தினை முழம் தண்ணி நிக்குது?"

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வேன்.