டவர் போன பிறகும் பாட்டு

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உன் தலைப்பு என்னன்னு சொல்லு, அழைப்பிதழ்ல போடணும்" என்று கேட்டார். "படகில் பாட்டுக் கேட்பது" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "செயற்கை நுண்ணறிவு பற்றி எதுவும் பேச மாட்டியா?" என்றார். அதைப் பேச மூன்று பேர் வந்திருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக் கொள்வார்கள். நான் விசைப்படகுகளுக்கு மின்சார வேலையும் வயர்லெஸ் வேலையும் பார்க்கிறவன். எனக்குத் தெரிந்ததைத்தான் நான் பேச முடியும்.

படகு என்றதும் சினிமாவில் வருகிற வெள்ளைப் படகை நினைத்துக் கொள்ளாதீர்கள். நான் சொல்வது மீன்பிடி விசைப்படகு. ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு போய், நாள் கணக்கில் கடலில் தங்குகிற படகு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் ஒரு மாதத்துக்கு மேலும் தங்கும். அத்தனை நாளும் காதில் விழுவது இன்ஜின் சத்தம் ஒன்றுதான். ராத்திரி எல்லோரும் படுத்துவிட்ட பிறகு, சுக்கானைப் பிடித்துக்கொண்டு தனியாக விழித்திருக்கிற டிரைவருக்குப் பாட்டு ஒரு துணை. அதை ஆடம்பரம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தூக்கத்தில் தலை சாய்ந்தால் படகு எங்கே போகும் என்று அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நாங்கள் இங்கே படித்த காலத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செல்போன் கடைகளில் மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் பாட்டு ஏற்றித் தருவார்கள். படகுக்குப் போகிறவர்கள் கையில் அது இல்லாமல் ஏற மாட்டார்கள். 2016 செப்டம்பருக்குப் பிறகு டேட்டா மலிவாகிவிட்டது. இப்போது படகில் வேலை செய்கிற பையன்கள் போனில் செயலியைத் திறந்து, ப்ளூடூத்தில் ஸ்டீரியோவோடு இணைத்துவிட்டுப் பாட்டைத் தட்டிவிடுகிறார்கள். கரை கண்ணில் தெரிகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் டவர் போய்விடும்.

டவர் எவ்வளவு தூரம் வரும் என்று என்னைக் கேட்காத படகுக்காரர் இல்லை. இது நம் முதலாண்டுக் கணக்குதான். ரேடியோ அலை பூமியின் வளைவைத் தாண்டி ஓரளவுக்குத்தான் போகும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் பாருங்கள். போனின் உயரத்துக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். கோபுரம் 40 மீட்டர், கையில் இருக்கிற போன் கடல் மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே என்றால் ஏறக்குறைய 32 கிலோமீட்டர். கடல் மைலில் 17. அதுவும் எல்லாம் சரியாக இருந்தால்தான். பல நாள் தங்குகிற படகுக்கு அது முதல் நாள் பயணத்திலேயே முடிந்து போகிற தூரம்.

ஆகவே பாட்டைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்கு 72 எம்.பி. தேவை. 20 மணி நேரத்துக்கு ஒன்றரை ஜி.பி.கூட ஆகாது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் பணம் கட்டி இறக்கி வைத்த பாட்டு நம் சொந்தப் பாட்டு அல்ல. 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணையாவிட்டால் அது திறக்காது. 40 நாள் கடலில் இருக்கிற படகில் 31ஆம் நாள் என்ன ஆகும்? பழைய பென் டிரைவ்தான் கை கொடுக்கும். அதனால் யு.எஸ்.பி. துளை இல்லாத ஸ்டீரியோவை நான் எந்தப் படகுக்கும் சிபாரிசு செய்வதில்லை. இன்னொன்று, டவர் இல்லாத இடத்தில் போன் விடாமல் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்த்துவிடும். ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு ப்ளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்தால் போதும். கரை நெருங்கும்போது மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

ப்ளூடூத் விட்டு விட்டு வருகிறது என்று ஒரு புகார் அடிக்கடி வரும். ஸ்டீரியோ வீல் ஹவுஸில் இருக்கும். பாட்டுப் போட்ட பையன் போனை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் மீன் பிரிக்கப் போயிருப்பான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுவில் ஒரு இரும்புச் சுவர், அதற்கு மேல் நனைந்த மனித உடம்பு. பாட்டு எப்படி வரும்? போன் வீல் ஹவுஸிலேயே இருக்கட்டும். இதற்கு என் சம்பளம் தேவையில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். பல விசைப்படகுகளில் 24 வோல்ட் மின்சாரம். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். ஆனால் வாங்கி வருகிற ஸ்டீரியோவோ 12 வோல்ட் கார் செட். வயர்மேன் என்ன செய்வார்? இரண்டு பேட்டரிக்கு நடுவில் இருந்து ஒரு வயரை இழுத்து, ஒரே ஒரு பேட்டரியில் இருந்து ஸ்டீரியோவுக்குக் கொடுத்துவிடுவார். பாட்டு ஜோராகப் பாடும். நாலைந்து மாதம் போனால் ஒரு பேட்டரிக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மாளாது, இன்னொன்று எப்போதும் சோர்ந்தே கிடக்கும். காரணம் எளிது. ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் என்றுதான் பார்க்கும், தனித்தனியாகப் பார்க்காது. பாட்டுப் பாடிக் களைத்த பேட்டரி 13 வோல்ட்டில் நிற்கும்போது, சும்மா இருந்த பேட்டரி 15க்குப் போய்க் கொதிக்கும். உழைத்தவனுக்குப் பட்டினி, சும்மா இருந்தவனுக்கு அஜீரணம்.

இதன் விளைவு பேட்டரி விலையோடு நின்றால் பரவாயில்லை. ஸ்டீரியோ சராசரியாக 5 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். நங்கூரம் போட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு, 10 மணி நேரம் பாட்டுக் கேட்டால் 50 ஆம்பியர்-மணி காலி. அரைகுறை சார்ஜில் இருந்த பேட்டரி விடியற்காலையில் செல்ஃப் எடுக்காது. நான் வேலை பார்த்த ஒரு படகுக்கு இப்படித்தான் ஆயிற்று. முந்தைய வயரிங் யார் செய்தது என்பது இங்கே வேண்டாம். காற்று எழும்பத் தொடங்கிய காலை நேரம், இன்ஜின் எழும்பவில்லை. நல்ல வேளையாகக் கூப்பிடு தூரத்தில் இன்னொரு படகு இருந்தது, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டீரியோவுக்கும் விளக்குக்கும் தனி பேட்டரி, இன்ஜினை எழுப்புகிற பேட்டரியில் யாரும் கை வைக்கக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வயர் விஷயமும் சொல்கிறேன். பேட்டரிக்கும் ஸ்டீரியோவுக்கும் 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர். வீட்டுக்குப் போடுகிற 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் போனால் 1.7 வோல்ட் வழியிலேயே தொலையும். 12.2 வோல்ட் கிளம்பி 10.5 ஆகப் போய்ச் சேரும். தவில் அடி விழுகிற இடம் வந்தால் ஸ்டீரியோ மயங்கி விழுந்து, மறுபடி எழுந்து, ப்ளூடூத்தைத் தேடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் நட்டம் 0.3 வோல்ட்தான். ஈயம் பூசிய செப்பு வயராக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் வெறும் செம்பு உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள். இரும்புப் படகில் காரைப் போல பாடியில் எர்த் எடுக்கவே கூடாது. கசிகிற மின்சாரம் படகின் அடித் தகட்டையே அரித்துத் தின்னும்.

சத்தம் போதவில்லை என்று பெரிய ஆம்ப்ளிஃபையர் கேட்பார்கள். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். ஸ்பீக்கரைக் காதுக்குப் பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தால் திறந்த வெளியில் 6 டெசிபல், அதாவது நாலு மடங்கு வாட்டுக்குச் சமம். ஆணி இரண்டு, வயர் கொஞ்சம், அவ்வளவுதான் செலவு. கல்யாணப் பந்தலில் வைக்கிற மரப் பெட்டி வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் ஊதிப் போகும். ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. திசைகாட்டிக்குப் பக்கத்தில் அதை மாட்டினால் ஊசி பொய் சொல்லும். படகு கரையில் கட்டியிருக்கும்போது ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஊசி எந்த இடத்தில் அசைகிறதோ, அதற்கு நன்றாகத் தள்ளி மாட்டுங்கள். இப்போது எல்லாரிடமும் ஜி.பி.எஸ். இருக்கிறது, வாஸ்தவம். அது அணைந்து போகிற ராத்திரிக்குத்தான் திசைகாட்டி.

நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கு முக்கியக் காரணம் இனிமேல் சொல்லப் போவதுதான். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் வந்தது. பல நாள் முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எத்தனை குடும்பங்கள் அழுதன என்பது இங்கே இருக்கிற கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கருவிகள் வந்திருக்கின்றன. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை ஆபத்து எச்சரிக்கைக் கருவியில், கடலில் இருக்கிறவருக்குக் கரையிலிருந்து செய்தி அனுப்பவும் வழி உண்டு. அந்தச் செய்தியை ப்ளூடூத் வழியாகப் போனில் தாய்மொழியிலேயே படிக்கலாம். பாட்டுப் போடுகிற அதே போன், அதே ப்ளூடூத்!

ஆனால் கருவி வந்தால் போதுமா? காதில் விழ வேண்டாமா? வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்குக் கூப்பிடுகிற சேனல். பக்கத்துப் படகு அதில் கத்தினாலும், உள்ளே ஸ்டீரியோ முழு வேகத்தில் ஓடினால் யாருக்குக் கேட்கும்? காதுக்குக் கேட்காதது ஒருபுறம். மலிவான 24-12 கன்வெர்ட்டரும் ஆம்ப்ளிஃபையரும் கிளப்புகிற மின் இரைச்சலில் வயர்லெஸ்ஸுக்கே கேட்காமல் போவது இன்னொருபுறம். எல்.இ.டி. விளக்குகள் இப்படி வி.எச்.எஃப்.பைக் கெடுக்கின்றன என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் ஒரு எச்சரிக்கையே வெளியிட்டது. அதில் சொன்ன சோதனையை நான் ஸ்டீரியோவுக்கும் செய்கிறேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வயர்லெஸ்ஸை ஆள் பேசாத சேனலில் வைத்து, ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் வரும் வரை திருகி, அது சரியாக அடங்குகிற இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு கன்வெர்ட்டரையும் ஸ்டீரியோவையும் போட வேண்டும். இரைச்சல் திரும்ப வந்தால் அந்தச் சாமான் படகுக்கு ஆகாது. ஐந்து நிமிடம் போதும்.

காதுக்குக் கேட்காததற்கு வழி? பல கார் ஸ்டீரியோக்களில் பின்பக்கம் மியூட் என்று ஒரு வயர் சும்மா தொங்கும். அதை நெகட்டிவில் தொட்டால் பாட்டு அடங்கிவிடும். வயர்லெஸ்ஸின் வெளி ஸ்பீக்கர் துளையில் குரல் வந்தவுடன் அந்த வயரை நெகட்டிவில் தொட வைக்கிற சிறிய சுற்று ஒன்றைச் செய்திருக்கிறேன். ஒரு ஆப்-ஆம்ப், ஒரு டிரான்சிஸ்டர், சில்லறைச் சாமான்கள். பேச்சு நின்று சில நொடிகளில் பாட்டு திரும்பும். டிரைவர்களுக்கு இது பிடித்திருக்கிறது, பாட்டை யாரும் பிடுங்கவில்லை அல்லவா?

இன்ஜின் ஆயில் பிரஷர் சுவிட்சையும் ஒரு டயோடு வழியாக அதே வயரில் சேர்த்துப் பார்த்தேன். பிரஷர் விழுந்தால் சுவிட்ச் நெகட்டிவைத் தொடும், பாட்டு நிற்கும், அலாரம் காதில் விழும். ஆனால் இன்ஜினை நிறுத்தினாலும் பிரஷர் இல்லைதானே? நங்கூரம் போட்டவுடன் பாட்டும் நின்றுவிடும். பேட்டரிக்கு நல்லதுதான். ஆனால் அடுத்த நாளே அந்த டயோடைக் கத்தரித்துவிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தனி பேட்டரி போட்டுக் கொடுத்தவனே பாட்டை நிறுத்துவதும் நியாயம் இல்லை. சாவி ஆன் நிலையில் இருக்கும்போது மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒரு ரிலே சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், இஸ்ரோ கருவியின் செய்தி போனுக்கு வரும்போதும் பாட்டு அடங்கி, ஸ்பீக்கரில் அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். கையெல்லாம் மீன் செதிலோடு இருக்கிறவர் போனை எடுத்துப் படிக்க மாட்டார். அந்த மென்பொருள் வேலை எனக்கு வராது. இங்கே மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறவர்களில் இரண்டு பேருக்காவது வரும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் இருக்கும். மாட்டிப் பார்க்க அதுதான் நேரம். உங்கள் தேர்வும் அப்போதுதான் என்று தெரியும், மே மாதக் கடைசியில் வந்தால் போதும். படகு நான் ஏற்பாடு செய்கிறேன், சாப்பாடும் படகுக்காரர் வீட்டில். மாதிரிச் சுற்று ஒன்று கொண்டுவந்து பதிவு மேசையில் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் பிரித்துப் பார்க்கலாம், திரும்ப மூட மட்டும் மறந்துவிடாதீர்கள்.