மெயில் உங்க பேரில் இருக்கட்டும்

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், இணையவழிச் சேவைகளைப் பயன்படுத்தும் பொதுமக்களிடையே, அங்கே பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஜெராக்ஸ் எடுக்க, பட்டா பார்க்க, பிள்ளைங்களுக்குப் பரீட்சை விண்ணப்பம் போட என் கடைக்கு வந்திருப்பீங்க. செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் தினமும் நாம படுற சின்னச் சின்ன எரிச்சலைப் பற்றியும், அதற்கு இருக்கிற சுலபமான வழிகளைப் பற்றியும் பேசச் சொன்னாங்க. அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிடறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ரொம்ப நாளா என் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கும். "மெயில் இருக்காம்மா?" என்று கேட்பேன். "அதெல்லாம் இல்லப்பா, ஏதாவது போடு" என்பாங்க. நான் கடையோட மெயிலையே போட்டுவிடுவேன். அஞ்சு நிமிஷம் மிச்சம். இப்படி நூற்றுக்கணக்கான பேருக்குப் போட்டிருக்கேன்.

அதில் ஒரு மாணவி. கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். வருமானச் சான்றை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், நான் அப்படியே ஏற்றிவிட்டேன். சான்று தெளிவாக இல்லை, ஒரு வாரத்துக்குள் மறுபடி ஏற்றுங்கள் என்று பதில் போட்டிருக்கிறார்கள். அந்த மெயில் எனக்கு வரவே இல்லை. ஏன்னா கடையோட மெயில் பெட்டி நிரம்பிப் போயிருந்தது. வந்த மெயில் வந்த வழியே திரும்பிவிட்டது. போனுக்காவது தகவல் வந்திருக்கணுமே என்றால், கொடுத்திருந்தது அவள் அப்பாவோட பழைய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அந்த சிம் எப்பவோ போய்விட்டது. மூணு மாசம் கழித்து வந்து, "அண்ணா, என் அப்ளிகேஷன் என்னாச்சு பாருங்க" என்றாள். பார்த்தால், நிராகரிக்கப்பட்டது என்று இருக்கிறது. அந்த வருஷப் பணம் போனது போனதுதான்.

இதில் அந்தப் பெண்ணோட தப்பு எதுவும் இல்லை. நாலு இடத்தில் ஓட்டை இருந்தது. சொந்த மெயில் இல்லை, பெட்டி நிரம்பியிருந்தது, போன் நம்பர் பழசு, போட்டோ தெளிவில்லை. நாலையும் அடைக்கிற வழியைச் சொல்றேன்.

ஒன்று: சொந்த மெயில்

நம்ம ஊரில் "ஸ்ரீ ரமணாசிரமம் அஞ்சல்" என்று எழுதி 606603 என்று பின்கோடு போட்டால் போதும். கதவு எண் தப்பாக இருந்தாலும், தெருப் பெயர் விட்டுப்போனாலும் தபால்காரர் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மெயிலில் அந்த விசாரிப்பு கிடையாது. ஒரு எழுத்து மாறினால் வேறு யாருக்கோ போகும், இல்லையென்றால் திரும்பிவிடும். அதனால் முகவரியை வாயால் சொல்லாதீங்க, ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்க. இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. ஜிமெயிலில் பெயருக்கு நடுவில் வரும் புள்ளி ஒரு பொருட்டே இல்லை. புள்ளி வைத்தாலும் விட்டாலும் உங்களுக்குத்தான் வரும்.

கணக்கு தொடங்கும்போது மீட்பு எண் கேட்கும். மறந்துபோன கடவுச்சொல்லை மீட்பதற்கான வழி அதுதான். அங்கே உங்க நம்பரைப் போடுங்க. கடைக்காரர் நம்பரையோ, வெளியூரில் இருக்கும் மருமகன் நம்பரையோ போடாதீங்க. அப்புறம், கணக்கைத் தொடங்கிவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. மாசத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்க. ஸ்பேம் என்ற பகுதியையும் பாருங்க. நமக்கு வரவேண்டிய நல்ல மெயில் சில சமயம் அங்கே போய் விழும், 30 நாளில் தானாக அழிந்தும் போகும்.

இரண்டு: நிரம்பிய பெட்டி

"மெயிலே வரமாட்டேங்குது" என்று வருகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. இடம். அது மெயிலுக்கு மட்டும் இல்லை. கூகுள் போட்டோஸ், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் வரை போட்டோக்களைக் கொஞ்சம் தரம் குறைத்து வைத்தால் கணக்கில் சேர்க்காமல் இருந்தார்கள். இப்போ எல்லாமே கணக்கில் சேரும். ஆண்ட்ராய்டு போனில் எடுக்கிற வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே 15 ஜி.பி.யைத்தான் தின்கிறது. ஆக, சொந்தக்காரர் தினமும் அனுப்புகிற காலை வணக்கம் வீடியோ, உங்க மகனுக்கு வரவேண்டிய வேலைக் கடிதத்தைத் தடுத்து நிறுத்த முடியும். இடம் நிரம்பிவிட்டால் மெயில் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது.

இப்பவே போனை எடுங்க. ஜிமெயிலைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் உங்க படத்தைத் தொடுங்க. 15 ஜி.பி.யில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கு என்று காட்டும். 90-ஐத் தாண்டியிருந்தால் இன்றைக்கே சுத்தம் செய்யணும். அந்த வரியைத் தொட்டால் பெரிய கோப்புகளைத் தனியாக எடுத்துக் காட்டும் பகுதிக்குப் போகலாம். வேண்டாததை அழியுங்க. அழித்தவை 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதுவரை இடத்தையும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் குப்பையையும் காலி செய்யணும். அடுத்து, வாட்ஸ்அப்பில் அமைப்புகள், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் வீடியோக்களைச் சேர்ப்பதை நிறுத்திவிடுங்க. பாதிப் பேருக்கு இது ஒன்றிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்று: பழைய நம்பர்

சிம் மாற்றினால் ஒரு பட்டியல் போடுங்க. வங்கி, ஆதார், ரேஷன் அட்டை, கேஸ், மெயிலின் மீட்பு எண். இந்த ஐந்திலும் புது நம்பரைப் பதிந்த பிறகுதான் பழைய சிம்மை விடணும். ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும் நம்பர் முடக்கப்பட்டு, பிறகு வேறு ஒருவருக்குப் போய்ச் சேரும். உங்க ஓடிபி அவர் போனுக்குப் போகும்.

ஓடிபி பற்றி இன்னொன்று. பௌர்ணமி அன்றைக்கு நம்ம தெருவில் கால் வைக்க இடம் இருக்காது, போனில் சிக்னலும் அப்படித்தான். ஓடிபி வரவில்லை என்று நாலு தடவை அழுத்துவோம். கொஞ்ச நேரம் கழித்து நாலும் சேர்ந்து வரும். முதலில் வந்ததைப் போட்டால் தப்பு என்று சொல்லும். புதிதாகக் கேட்டால் பழையது பெரும்பாலும் செல்லாது. ஒரு தடவை கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்க. பல தடவை கேட்டுவிட்டால் கடைசியாக வந்ததைப் போடுங்க. பௌர்ணமி, தீபம் சமயத்தில் கடைசித் தேதி விண்ணப்பம் எதையும் வைத்துக்கொள்ளாதீங்க.

நான்கு: தெளிவில்லாத போட்டோ

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். முகம் தெரியும், முத்திரையும் சின்ன எழுத்தும் மங்கிவிடும். சான்றிதழை அனுப்பும்போது இணைப்பு அடையாளத்தைத் தொட்டு, "டாக்குமென்ட்" என்பதைத் தேர்ந்து அனுப்புங்க. உள்ளது உள்ளபடி போகும். சில விண்ணப்பங்களில் இதற்கு நேர்மாறாக 50 கே.பி.க்குள் படம் கேட்பார்கள். அப்போ முதலில் சுற்றியிருக்கும் மேஜை, சுவர் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்க. அளவு பாதியாகக் குறையும். அதன் பிறகும் பெரிதாக இருந்தால் மட்டும் சுருக்குங்க. கோப்புக்கு "வருமானச் சான்று" என்று பெயர் வைத்துவிடுங்க. வெறும் எண்ணாக இருந்தால் அடுத்த தடவை தேடித் தேடிக் கண் வலிக்கும்.

இனி, கடையில் தினமும் கேட்கிற சில கேள்விகள்.

"ஆதார் பிடிஎஃப் திறக்கமாட்டேங்குது." அதற்குக் கடவுச்சொல், ஆங்கிலத்தில் உங்க பெயரின் முதல் நாலு எழுத்து, பெரிய எழுத்தில். பிறகு பிறந்த வருஷம். நம்ம தமிழ்நாட்டில் சிக்கலே இனிஷியல்தான். ஆதாரில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எண்ணணும். "பி. குமார்" என்று இனிஷியல் முன்னால் இருந்தால், பி ஒரு எழுத்து, புள்ளி ஒரு எழுத்து, அடுத்து கே, யு. அதன் பின் 1990. இடைவெளியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். புள்ளியை விட்டுவிட்டுத்தான் பலரும் திணறுகிறார்கள்.

"தமிழ்க் கடிதம் வந்தது, திறந்தால் ஆங்கில எழுத்தாகக் குப்பையாகத் தெரியுது." அது வைரஸ் இல்லை. பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு உங்க போனில் இல்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அனுப்பியவரிடம் "பிடிஎஃப் ஆக அனுப்புங்க" என்று கேளுங்க, சரியாகிவிடும். நீங்க தமிழில் எழுதணும் என்றால் விசைப்பலகையில் இருக்கும் மைக்கைத் தொட்டுப் பேசினாலே எழுதிவிடும். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்க.

"அவசரத்தில் தப்பாக அனுப்பிவிட்டேன்." அனுப்பியதும் சில விநாடி கீழே "செயல்தவிர்" என்று வரும், அதைத் தொட்டால் மெயில் திரும்பிவிடும். கம்ப்யூட்டரில் அந்த நேரத்தை 30 விநாடி வரை கூட்டி வைக்கலாம். அதைவிட நல்ல வழி, முதலில் கோப்பை இணையுங்க, பிறகு கடிதத்தை எழுதுங்க, முகவரியைக் கடைசியில் போடுங்க. கை தவறினாலும் முகவரி இல்லாமல் எதுவும் போகாது. பக்கத்தில் ஆசிரமத்தில், ரமணர் காலத்தில், வந்த கடிதங்களுக்கு அலுவலகத்தில் எழுதின பதிலை அவரிடம் காட்டி, அவர் படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார்களாம். நமக்கும் அந்த ஒரு நிமிஷம் வேணும்.

கடைசியாக, கடைக்காரனாகவே ஒரு விஷயம் சொல்றேன். என் கடைக் கம்ப்யூட்டரில் தினமும் இரண்டு மூணு பேர் மெயிலைத் திறந்து, பிரிண்ட் எடுத்துவிட்டு, வெளியேறாமல் போய்விடுகிறார்கள். அடுத்து உட்காருகிறவருக்கு அவர்களோட மெயில் அப்படியே திறந்து கிடக்கிறது. டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் யார் யாரோட ஆதாரோ, பேங்க் பாஸ்புக்கோ கிடக்கிறது. நான் ராத்திரி கடையைச் சாத்தும்போது எல்லாவற்றையும் அழிக்கிறேன். எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று நம்பி இருக்காதீங்க. "வெளியேறு" என்பதைத் தொட்டுவிட்டு, உங்க கோப்பை உங்க கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். போனில் கூகுள் கணக்கு, பாதுகாப்பு, உங்கள் சாதனங்கள் என்று போனால் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று காட்டும். வீட்டிலிருந்தே அதை மூடிவிடலாம்.

அரசு அலுவலகத்திலிருந்து என்று சொல்லி மெயில் வந்தால், அனுப்பியவர் பெயரைப் பார்த்து நம்பாதீங்க, முகவரியைத் தொட்டுப் பாருங்க. தமிழ்நாடு அரசின் தளங்கள் பெரும்பாலும் "டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்" என்றுதான் முடியும். ஓடிபியை எந்த அதிகாரியும் போனில் கேட்கமாட்டார். பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. நேரம் போகப் போகப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கஷ்டம்.

முன் வரிசையில் ஒரு பெரியவர், "எனக்கு 70 வயசாகுது, எனக்கெதுக்குப்பா மெயில்?" என்று கேட்டார். ஐயா, உங்க ஓய்வூதியம், உங்க பட்டா, உங்க காப்பீடு எல்லாம் இன்றைக்கு ஏதோ ஒரு மெயிலோடோ நம்பரோடோ கட்டப்பட்டுத்தான் இருக்கு. அது யாருடையது என்று மட்டும் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. பேரனோடது என்றால் பரவாயில்லை, அவனிடம் சொல்லி வையுங்க. என்னை மாதிரிக் கடைக்காரனோடது என்றால் மாற்றிவிடுங்க.

என் கடையில் இப்போ யாருக்கும் கடை மெயிலைப் போடுவதில்லை. புதுசாகக் கணக்கு தொடங்கி, முகவரியைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் திறக்கிறேன். கடவுச்சொல்லை அவங்களே அடிக்கணும், நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். கூட்டம் இருக்கிற நாளில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. பழைய விண்ணப்பங்களில் என் மெயில் போட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீங்க. நாளைக்கே வாங்க. மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.