'அசண்டர்': ஒரு பழஞ்சொல் தரும் பாடம்

(யூபிலி விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)



ஆங்கிலத் திருமணச் சடங்கில் 'அசண்டர்' என்றொரு சொல்லைச் சிலர் கேட்டிருக்கலாம். கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்கலாகாது என்று மத்தேயு நற்செய்தி 19-ம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறுகிறாரே, அவ்விடத்தை 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் இச்சொல்லைக் கொண்டே மொழிபெயர்த்தது. இன்று பேச்சுவழக்கில் இது ஏறக்குறைய மறைந்துவிட்டது. கிழித்தல், பிளத்தல் போன்ற வினைகளோடு சேர்ந்து ஏட்டில் நிற்கிறது.

இதன் வேரைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் இதற்குத் 'தனியே, ஒதுங்கி' என்பதே பொருள். கணக்கு நோட்டில் 'சண்ட்ரி' செலவு என்று எழுதுகிறோமே, அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான். எந்தத் தலைப்பிலும் சேராமல் தனித்து நிற்கும் செலவு!

இல்லறத்திலும் அப்படித்தான். முதலில் வருவது ஒதுங்கல், கிழிசல் பிற்பாடுதான். ஒரே கூரையின்கீழ் இருவர். ஆனால் பேச்சு பிள்ளைகள் வழியாக, சாப்பாடு வெவ்வேறு வேளையில். 'இணைத்தல்' என்பதற்கு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லோ, ஒரே நுகத்தில் பூட்டுதலைக் குறிக்கும். ஒரு மாடு ஒதுங்கினால் பாரம் முழுதும் மற்றதன் கழுத்தில் அல்லவா விழும்?

ஆனால், தள்ளி வாழ்வதெல்லாம் இப்பிரிவு ஆகிவிடாது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் மனத்தால் வீட்டிலேயே இருக்கலாம். அடி உதைக்கு அஞ்சிப் பிள்ளைகளோடு தாய்வீடு வந்த பெண்ணை, 'கடவுள் இணைத்ததைப் பிரித்தவள்' என்று ஊர் ஏசுகிறது. இது நியாயமா? துணைவர் ஒருவரால் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பெரும் ஆபத்து நேர்ந்தால், ஆயரின் ஆணை பெற்று விலகி வாழலாம்; தாமதித்தால் ஆபத்து என்றால் தாமாகவே விலகலாம் என்கிறது 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், 1153-ம் பிரிவு. காரணம் நீங்கினால் கூடி வாழவேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. விலகியிருந்தாலும் மணக்கட்டு அறுவதில்லை. அப்படியானால் பிரித்தவர் யார்? வாசற்படி தாண்டியவள் அல்ல, கை நீட்டியவனே.

ஆகவே அன்பர்களே, ஒதுங்கியிருக்கும் துணையிடம் இன்று இரவே ஒரு வார்த்தை பேசுங்கள். தாய்வீடு வந்தவளைத் தூற்றாமல் ஆலயத்தில் உங்கள் அருகில் இடம் கொடுங்கள். யூபிலி ஆண்டுக்கு இதைவிட நல்ல காணிக்கை ஏது?

இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.