கிணற்றடியில் கேட்ட தண்ணீர்



வளைகுடா நாட்டில் ஒரு பிள்ளையாவது வேலை செய்யாத குடும்பம் நம் பங்குகளில் குறைவு. துபாயிலோ தோகாவிலோ நம் பிள்ளை சாரத்தில் ஏறி நிற்கும்போது, கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுப்பவர் பெஷாவர்க்காரராக இருக்கலாம். வண்டியோட்டுபவர் லாகூர்க்காரராக இருக்கலாம். 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே மாதம் இரு நாடுகளும் மோதிக்கொண்டன. அந்த நாள்களிலும் அங்கே வேலை நிற்கவில்லை. இரு நாட்டாரும் ஒரே தளத்தில்தான் உழைத்தார்கள். இங்கே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த நாம் போனில் பிள்ளையிடம் என்ன சொன்னோம்? “அவனோடு உனக்கு என்ன பேச்சு?” என்று கேட்டவர்கள் நம்மில் உண்டு.

நாட்டுப்பற்று பாவமன்று. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் அதை நான்காம் கட்டளையின் கீழ் வைத்து, நன்றியின் கடமையாகக் காட்டுகிறது. கொல்லப்பட்டவர்களுக்காக அழுவதும், அவர்களுக்கு நீதி கேட்பதும் சரியே. கேள்வி வேறு: அந்தக் குற்றத்தைச் செய்யாத ஒரு தொழிலாளியிடம் அதற்குக் கணக்குக் கேட்கலாமா?

யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகை சின்னப் பகை அல்ல. கெரிசிம் மலையில் இருந்த சமாரியரின் கோவிலை யூத ஆட்சியாளர் ஒருவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இடித்துப்போட்டார். லூக்கா நற்செய்தி 9ஆம் பிரிவில் ஒரு சமாரிய ஊர் இயேசுவுக்கு இடம் தர மறுக்கிறது. வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்க, ஆண்டவர் அவர்களைத்தான் கடிந்துகொள்கிறார்.

யோவான் நற்செய்தி 4ஆம் பிரிவில், சமாரியப் பெண்ணிடம் பேசும் இயேசு, மீட்பு யூதரிடமிருந்தே வருகிறது என்பதை மறைக்கவில்லை. தம் மக்களை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டார். மொண்டு எடுக்க அவரிடம் பாத்திரம் இல்லை. தண்ணீர் அவள் கையால்தான் வரவேண்டும். தண்ணீர் முதலில், வாதம் பிறகு. இந்த வரிசையைக் கவனியுங்கள். எதிராளியிடம் எனக்கும் ஒரு தேவை உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு, அவரை வெறுத்துப் பேச நாக்கு எழாது.

நம் பிள்ளைகளுக்கு இது அன்றாட அனுபவம். ஹிந்தியும் உருதும் பேச்சில் ஒன்றுக்கொன்று புரியும். போன புதிதில் மொழி தெரியாமல் விழிக்கும் நம் பையனுக்கு வழிகாட்டுபவர் பல நேரம் அந்த நாட்டுக்காரர்தான். சாரத்தில் கால் இடறினால் முதலில் நீளும் கை எந்தக் கடவுச்சீட்டுக்கு உரியது என்று யாரும் பார்ப்பதில்லை.

நம் திருத்தூதர் புனித தோமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தோமாவின் பணிகள்’ என்னும் பழைய நூல் தரும் மரபின்படி, அவர் வேலைக்கு அழைத்துவரப்பட்ட தச்சர். கொந்தபோரஸ் மன்னருக்கு அரண்மனை கட்ட வந்தவர். அந்த மன்னரின் நாணயங்கள் இன்றைய பாகிஸ்தானில் உள்ள தட்சசீலத்தில் கிடைத்துள்ளன. மயிலாப்பூரில் நாம் வணங்கும் அதே தோமாவை அந்நாட்டுக் கிறிஸ்தவர்களும் தங்கள் திருத்தூதராகப் போற்றுகிறார்கள். துபாய் புனித மரியா ஆலயத்தில் தமிழிலும் உருதிலும் திருப்பலி நடக்கிறது. ஒரே பீடம், ஒரே அப்பம்.

ஆகவே பெற்றோரே, மனைவிமாரே, அடுத்த முறை போன் பேசும்போது, “கூட வேலை செய்யும் அந்தத் தம்பி நலமா? அவர் வீட்டில் எல்லாரும் சுகமா?” என்று கேளுங்கள். பகை வளர்க்கும் வீடியோ வந்தால் பிள்ளைக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். அமீரகத்தில் வெறுப்பைத் தூண்டும் பதிவுகளுக்குத் தண்டனை வழங்கும் சட்டம் 2015 முதலே உண்டு; நீங்கள் அனுப்பியதை அவன் பகிர்ந்தால், வேலையும் விடுதலையும் போகலாம். கிரிக்கெட் நடக்கும் இரவில், “ஜெயித்தாலும் தோற்றாலும் வாயை அடக்கு” என்று சொல்லிவையுங்கள். மாலைச் செபமாலையில் ஒரு மணியை, நம் பிள்ளையோடு உழைக்கும் அந்த அயல்நாட்டுப் பிள்ளையின் தாய்க்காக ஒப்புக்கொடுங்கள். அவளும் போன் மணிக்காகத்தான் காத்திருக்கிறாள்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.