காய்ச்சல் இறங்கியதும் கவனத்தைக் குறைக்காதீங்க!

பொதுமக்களும் வந்திருக்கீங்க, வீடு வீடாகப் போகும் கொசு ஒழிப்புப் பணியாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் வந்திருக்கீங்க. இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

டெங்குன்னா உடனே தண்ணீர்த் தொட்டிதான் ஞாபகம் வரும். அது சரிதான். ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே பல மாதம் இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவணும்.

ஆனால் காய்ச்சல் வந்துவிட்ட வீட்டில் என்ன நடக்குது? மூணாவது, நாலாவது நாள் சூடு குறைந்ததும், "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுகிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டமே அப்போதுதான் ஆரம்பிக்குது. காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள், சூடு இறங்கும் நேரத்தில், சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியும். இரத்த அழுத்தம் இறங்கும். அந்த 24 முதல் 48 மணி நேரம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கணும்.

எதைப் பார்க்கணும்? கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிட்டுப் போவது, எழுந்திருக்க முடியாத சோர்வு, 4 முதல் 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போயிடுங்க. சந்தேகம் இருந்தால் 104-ல் கேளுங்க. தட்டணு எண்ணிக்கை நல்லா இருக்கு, கஷாயம் குடிச்சாச்சு என்று தள்ளிப்போடாதீங்க. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீங்க. இரத்தக் கசிவை அதிகமாக்கும். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுங்க.

கையில்தான் செல்போன் இருக்கே! காய்ச்சல் தொடங்கிய தேதியை அதிலேயே குறிச்சு வையுங்க. மருத்துவர் முதலில் கேட்பது, "இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்றுதான்.

பணியாளர்களே, தொட்டியில் மருந்து ஊற்றியதோடு கிளம்பிடாதீங்க. "வீட்டில் யாருக்காவது காய்ச்சலா? எத்தனை நாளா?" என்று கேளுங்க. காய்ச்சல் விட்டாச்சு என்று சொன்னால், அந்த வீட்டுக்கு மறுநாளும் போங்க. நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் இருக்கணும்னு சொல்லுங்க. இந்தக் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும்.

காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் விழிப்பாக இருந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.