ஒரே விரலால் காட்டுங்கள்

வண்டி ஓட்டிக்கொண்டே இதைக் கேட்கிறவர்கள், பின் பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் அடுத்த சிக்னலில் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் இயன்முறை மருத்துவர், நீங்கள் பிசியோ என்று சொல்கிறீர்களே, அதுதான். வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "எங்கே வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்க." வெறும் முதுகுப் பிடிப்பு என்றால், விரலைக் கேட்டாலும் உள்ளங்கைதான் வரும், இடுப்பில் அப்பிக் காட்டுவார்கள். சயாட்டிகா என்கிற கால் நரம்பு வலி உள்ளவர் அப்படியில்லை. விரல் பிட்டத்தில் கிளம்பி, பின்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்புறம் ஓடி, பாதத்தில் போய் நிற்கும். உடற்கூறு படத்தைப் பார்த்தே இராத மனிதர், நரம்பின் பாதையைத் தன் காலிலேயே வரைந்து காட்டிவிடுகிறார். இத்தனை வருடத்தில் எனக்கு இது அலுக்கவே இல்லை.

போன ஆவணியில் ஒரு நெசவாளர் வந்தார். குழித்தறி. காலைக் குழியில் தொங்கவிட்டு, முன்னால் குனிந்து, நாளெல்லாம் மிதிக்கிற வேலை. "முதுகு நல்லாத்தான் இருக்கு சார். கால்லதான் கோளாறு. நரம்பு சுருட்டிக்கிச்சுங்கறாங்க" என்றார். மூன்று வாரம் எண்ணெய் போட்டுக் காலை நீவியிருக்கிறார்கள். காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் பிடிப்பு விடும் என்று ஒரு பையனைத் தேடிப் பிடித்து மிதிக்கவும் விட்டிருக்கிறார்கள். பையனைக் குற்றம் சொல்ல முடியாது, பாவம்.

"அண்ணே, பாவுல பின்னாடி சிக்கு விழுந்தா கோளாறு எங்கே தெரியும்?" என்று கேட்டேன். "முன்னாடி, துணியில." சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தி, தானே கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன். சயாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே தடித்த நரம்பு. முதுகெலும்பின் அடியில் ஐந்து வேர்கள் சேர்ந்து உருவாகி, பிட்டத்துக்குள் புகுந்து கால் வரை போகிறது. எலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கை நாம் ஜவ்வு என்கிறோம். 'ஜவ்வு விலகிடுச்சு' என்றால் அது கழன்று எங்கேயோ போய்விட்டதாக நினைக்காதீர்கள். மேல்மாவு வெடித்து பூரணம் பிதுங்கிய கொழுக்கட்டை மாதிரி, உள்ளே இருக்கும் கூழ் பின்பக்கம் பிதுங்கி நரம்பின் வேரைத் தொடுகிறது. அழுத்தம் ஒரு பக்கம், அந்தக் கூழ் கிளப்புகிற அழற்சி ஒரு பக்கம். வலி மட்டும் காலில்.

நெசவாளரிடம் அடுத்தது எனக்குப் பிடித்த கட்டம். "கால் பெருவிரலை மேலே தூக்குங்க, நான் அமுக்கறேன், விடாதீங்க." வலது விரல் இரும்பு மாதிரி நின்றது. இடது விரல் மெதுவாகப் படுத்துவிட்டது. இடுப்பு முதுகெலும்பின் ஐந்தாவது நரம்பு வேரில் கோளாறு! நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அதற்குக் கீழே இருக்கும் வேர். பைசா செலவில்லாத ஸ்கேன் இது. மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கினேன். பாதி உயரத்திலேயே "ஆ" என்றார். இந்தச் சோதனைக்கு லசேக் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர். ஆனால் 1881-இல் எழுதிவைத்தது ஃபோர்ஸ்ட் என்கிற அவருடைய மாணவர். குருபக்தி!

சயாட்டிகா மூட்டு நோயல்ல, நரம்பு நோய் என்று நேப்பிள்ஸ் நகரத்துக் கொட்டூன்யோ 1764-இலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். அந்த நரம்பை நெருக்குவது பிதுங்கிய டிஸ்க் என்பதை பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் அறுவை செய்து நிலைநாட்டியது 1934-இல். நடுவில் 170 வருடம்! நம் நெசவாளரின் மூன்று வாரத்தைக் கேலி செய்ய யாருக்கு வாய் வரும்?

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. ஆகவே படத்தில் இருப்பதெல்லாம் வியாதி இல்லை. விரல் காட்டும் கோடும் படமும் ஒத்துப்போக வேண்டும்.

வைத்தியத்துக்கு வருகிறேன், கடிகாரம் முறைக்கிறது. படுத்தே கிடக்காதீர்கள். நெதர்லாந்தில் 183 பேரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் படுத்துக் கிடந்தவர்களுக்கு, நடமாடியவர்களைவிட ஒரு லாபமும் இல்லை. தாங்குகிற அளவு நடங்கள். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள், வயிறும் சிறுநீரகமும் உங்களுடையவை. பிதுங்கிய கூழைப் பெரும்பாலும் உடம்பே மெல்லத் தின்று தீர்த்துவிடும். அறுவை சிகிச்சை வலியைச் சீக்கிரம் குறைக்கும், உண்மைதான். ஆனால் அதே நெதர்லாந்தில் 2007-இல் வெளியான ஆய்வில், உடனே செய்துகொண்டவர்கள், பொறுத்துப் பார்த்தவர்கள் இரு தரப்பிலுமே ஒரு வருட முடிவில் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்தவர்களில் பத்தில் நாலு பேருக்கு இடையில் அறுவை தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை மட்டும் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் ஒருசேர பலமிழந்தாலோ, அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நடக்கையில் செருப்பு கழன்றது தெரியவில்லை என்றாலும் தள்ளிப்போடாதீர்கள்.

நெசவாளருக்கு நான் சொன்ன முதல் மருந்து: "ரெண்டு தார் நூல் தீர்ந்ததும் குழியை விட்டு எழுந்து நாலு நடை நடங்க." ஐந்து வாரம் கழித்துக் கலவரத்தோடு போன் செய்தார். "சார், கால் வலி குறைஞ்சிருச்சு, இப்ப இடுப்பு வலிக்குது!" எனக்கோ சந்தோஷம். வலி பாதத்திலிருந்து மேலே ஏறுவது நல்ல சகுனம். தீபாவளி வேலை முடிந்து நேரில் வந்தபோது மறுபடி ஒரே விரலால் காட்டச் சொன்னேன். விரல் பிட்டத்தில் கிளம்பி, அங்கேயே நின்றுவிட்டது.

பர்ஸ் விஷயம் விட்டுப்போச்சே! அந்த நரம்பு போவது சரியாக அதற்கு அடியில்தான். எடுத்துவிட்டீர்கள்தானே?