சிசுக்கொலை: ஒரு சொல், இரு பொருள்

(ஒக்லாந்து ஒடாஹுஹுவில் தமிழ்க் குடும்பங்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிசுக்கொலை என்னும் சொல் தமிழர் செவிக்குப் புதியதன்று. 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் குழந்தைகள் கள்ளிப்பால் புகட்டிக் கொல்லப்பட்ட செய்தி வெளிவந்தபோது தமிழகம் அதிர்ந்தது. 1992இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 1994இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ அக்கொடுமையைத் திரைக்குக் கொணர்ந்தது. ஆதலால் அச்சொல்லைக் கேட்டதும், பெண்மகவு வேண்டாமெனக் குடும்பமே கூடி எடுத்த முடிவுதான் தமிழர் நினைவில் எழுகின்றது.

நியூசிலாந்துச் சட்டத்தில் சிசுக்கொலை என்பது வேறொன்று. 1961ஆம் ஆண்டின் குற்றங்கள் சட்டம் 178ஆம் பிரிவில் அதனை வரையறுக்கின்றது. பத்து வயதுக்குட்பட்ட தன் பிள்ளையின் சாவுக்குத் தாய் காரணமாகிறாள், மகப்பேற்றின் அல்லது பாலூட்டலின் விளைவால் அவ்வேளையில் அவளது மனச் சமநிலை குலைந்திருக்கின்றது, அவளை முழுப் பொறுப்பாளியாகக் கொள்ளலாகாத அளவுக்கு அது குலைந்திருப்பின், அவள் செய்தது சிசுக்கொலை, கொலைக்குற்றமன்று. உச்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறை. கொலைக்குற்றத்திற்கோ பொதுவாக ஆயுட்சிறை.

இங்கே சட்டம் நோக்குவது தாயின் மனநிலையையே. வறுமையும் குடும்ப மானமும் சீதனச் சுமையும் இப்பிரிவுக்குக் காரணங்களாகா. தந்தைக்கோ பாட்டிக்கோ இது பொருந்தாது. உசிலம்பட்டியில் நிகழ்ந்தது போன்ற திட்டமிட்ட செயல் இந்நாட்டில் கொலைக்குற்றமே.

இங்கிலாந்து 1922இல் புதிதாய்ப் பிறந்த மகவுக்கென இத்தகைய சட்டத்தை இயற்றி, 1938இல் அதனைப் பன்னிரண்டு மாதம் வரை விரித்தது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையும் பன்னிரண்டு மாத எல்லையுடன் இவ்விலக்கை ஏற்கின்றது. இந்தியச் சட்டத்தில் இதற்கெனத் தனிக்குற்றம் இல்லை.

எனினும், நோய் உண்டென்பது மட்டும் போதாது. 2021 செப்ரெம்பரில் திமாரு நகரில் ஒரு தாய் தன் மூன்று பெண் குழந்தைகளையும் கொன்றார். அவருக்கு மனச்சோர்வு நோய் இருந்ததை அரசுத் தரப்பும் மறுக்கவில்லை. அந்நோயின் கடுமை எவ்வளவு என்பதே வழக்காயிற்று. 2023 ஓகஸ்ற்றில் ஜூரிமார் பெரும்பான்மையாகக் கொலைக்குற்றத் தீர்ப்பளித்தனர். 2024 ஜூனில் பதினெட்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மனநல மருத்துவமனையில் அத்தண்டனை தொடங்க வேண்டுமென நீதிமன்றம் பணித்தது.

சட்டத்தின் இரக்கம் குழந்தை இறந்த பின்னரே வருகின்றது. குழந்தையைக் காப்பது அதற்கு முன் குடும்பம் காட்டும் விழிப்பே. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை தாய்க்குப் பத்தியக் கறி சமைக்கும் வீடு, அவள் இரவில் உறங்குகிறாளா என்று கேட்பதில்லை. மகப்பேற்றுக்குப் பின் ஏறத்தாழ ஆயிரம் தாய்மாரில் ஒருவருக்கோ இருவருக்கோ கடும் மனப்பிறழ்வு ஏற்படுகின்றது. பெரும்பாலும் முதல் இரு வாரங்களுக்குள் அது தலைகாட்டும். உறக்கமின்மை, குழப்பம், இல்லாத குரல்களைக் கேட்டல், குழந்தையைப் பற்றிய விபரீத நம்பிக்கைகள் என்பன அதன் அடையாளங்கள். இது பேய்க்கோளாறுமன்று, தாயின் குணக்கேடுமன்று. உடனடிச் சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்.

அத்தகைய தாயைக் குழந்தையுடன் தனித்து விடலாகாது. அவசர வேளையில் 111ஐ அழைக்கலாம். மிடில்மோர் மருத்துவமனையும் ஒடாஹுஹுவிலேயே உள்ளது. மனம் தளர்ந்தோர் 1737 என்ற இலக்கத்தில் இரவு பகலாக இலவசமாகப் பேசலாம். மொழிபெயர்ப்பாளரைக் கோருவதும் நோயாளியின் உரிமை. கணவரோ மாமியாரோ அருகிருந்து மொழிபெயர்த்தால், சொல்ல வேண்டியதைத் தாய் சொல்லாமலே விடக்கூடும்.

இளையோரே, கருவுற்றதை அச்சத்தால் மறைக்கும் தோழி ஒருத்தி உங்களிடையே இருக்கக்கூடும். குழந்தையின் உடலை மறைத்துப் பிறப்பை ஒளிப்பது இந்நாட்டில் ஈராண்டு வரை சிறைக்குரிய தனிக்குற்றம். அவளைத் தனியே பிரசவிக்க விடாது, மருத்துவிச்சியிடம் அழைத்துச் செல்லுங்கள். பெற்றோரே, அவள் உங்கள் மகளாயின், ‘ஊர் என்ன சொல்லும்’ என்னும் கேள்வியை ஒத்திவைத்து, அவளருகே அமருங்கள். ஊரின் பேச்சு ஓய்ந்துவிடும். போன உயிர் மீளாது.